முழங்கைக்கு மேலே ஒரு காப்பு

ராசிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை. ஆண்கள் பிரிவில் சட்டைகளை விரித்துப் போட்டுக்கொண்டிருந்த தம்பி கேட்டார்.

"என்ன விசேஷத்துக்குங்க்கா?"

"இன்டர்வியூவுக்கு."

அவ்வளவுதான், தம்பிக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஐ.டி.ன்னா லைட் ப்ளூங்க. பேங்க்குன்னா வெள்ளையில மெல்லிசாக் கோடு. காலேஜ் வாத்தியார்னா க்ரீம் கலர். சேல்ஸ்னா டை வேணும், அது அந்தப் பக்கம் இருக்குதுங்க. உங்களுக்கு எந்த இன்டர்வியூங்க?"

"நர்ஸ் வேலைக்கு."

என்னைப் பார்த்தார். என் பக்கத்தில் ஒரு வாரத் தாடியோடு, செருப்பில்லாத காலோடு நின்ற என் மகன் கவினைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். கிண்டல் இல்லை பாவம்… நிஜமாகவே யோசித்தார்.

"அதுக்குன்னு இதுவரைக்கும் யாரும் வந்து கேட்டதில்லீங்களே" என்றார்.

நியாயம்தானே? பெண் பிள்ளை நர்ஸ் வேலைக்குப் போகிறாள் என்றால் காட்டன் சேலை, இறுக்கிய கொண்டை, சின்னப் பொட்டு என்று ஆளாளுக்கு வரிசையாகச் சொல்லுவார்கள். ஆண் பிள்ளைக்கு? நானும் இணையத்தில் தேடிப் பார்த்தேன். கோட்டு சூட்டு போட்ட வெள்ளைக்காரர்கள் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறார்கள். நம் சேலத்து வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால் இன்டர்வியூவில் அல்ல, அட்மிஷனில்தான் உட்கார வைப்பார்கள்.

கவினை உங்களுக்குத் தெரியும். பி.எஸ்ஸி. நர்சிங் சேர்ந்த புதிதில் எங்கள் வீட்டில் இருந்த அத்தனை பேருக்கும் பி.பி. பார்த்து, நன்றாக இருந்தவர்களையும் கவலையில் படுக்க வைத்தவன் என்று இதே பக்கத்தில் புலம்பியிருக்கிறேனே… அவன்தான். படிப்பை முடித்துவிட்டான். சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வுக்கு ஆள் எடுக்கிறார்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் எடுப்பார்கள். படிக்க ஆரம்பித்த நாளிலிருந்து அவனுக்கு அந்த ஆஸ்பத்திரி மேல் ஒரு கண்.

கூப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு.

நல்ல சேதிதான். ஆனால் எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு நடுவில் வந்த சேதி!

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு நிமிடம். எங்கள் பக்கம் நோம்பி சாட்டினால், அதாவது திருவிழாவை அறிவித்தால், கோயிலுக்கு முன்னால் கம்பம் நடுவார்கள். பூச்சட்டி என்கிற தீச்சட்டி எடுக்க வேண்டிக்கொண்டவர்களுக்கு அன்றைக்கே மணிக்கட்டில் காப்பு கட்டுவார்கள். மஞ்சள் கிழங்கை வைத்து முடிந்த மஞ்சள் கயிறு. கட்டிவிட்டால் சவரம் கிடையாது, ஊர் எல்லைக்குள் செருப்பு கிடையாது, ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது. கம்பத்தை எடுக்கிற நாள் வரைக்கும் காப்பைக் கழற்றுகிற பேச்சே இல்லை. 

எங்கள் வீட்டில் எப்போதும் என் வீட்டுக்காரர்தான் கட்டிக்கொள்வார். அவருக்கு போர் போடுகிற ரிக் லாரித் தொழில். இந்த வருஷம் வண்டி சத்தீஸ்கரில் கம்ப்ரஸர் மக்கர் செய்து நின்றுவிட்டது. சட்டி எடுக்கிற நாளைக்குத்தான் வர முடியும் என்றார். வீட்டுக்கு ஓர் ஆள் கட்ட வேண்டுமே? கவின் கையை நீட்டினான்.

அப்படி நீட்டிய கைதான் சிக்கலில் மாட்டியது. காரணம் இதுதான். ஆஸ்பத்திரியில் நர்ஸுக்கு முழங்கைக்குக் கீழே ஒன்றுமே இருக்கக் கூடாதாம். வாட்ச், மோதிரம், கயிறு… எதுவும். கிருமி ஒட்டிக்கொண்டு ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போய்விடும். ஐ.சி.யூ.வில் இருப்பவர்களோ ஒரு தும்மலுக்குக்கூடத் தாங்காதவர்கள்.

ஆக, ஒரு கை. அதில் ஒரு காப்பு. கழற்றினால் ஆத்தாளுக்கு ஆகாது, கழற்றாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஆகாது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

நான் அம்மா. ஒரே நொடியில் வழி கண்டுபிடித்துவிட்டேன்.

"ஃபுல் ஸ்லீவ் குடுங்க தம்பி" என்றேன் கடைக்காரரிடம். "மணிக்கட்டுல பட்டன் இறுக்கமா இருக்கோணும்."

"ஹாஃப் ஸ்லீவ் குடுங்கண்ணா" என்றான் கவின்.

"இன்டர்வியூவுக்கு எவன்டா அரைக்கை சட்டை போட்டுட்டுப் போறான்?"

"நர்ஸு போவானுங்ம்மா."

கடைக்காரத் தம்பி புத்திசாலி. இரண்டையும் பில் போட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் போன். சத்தீஸ்கரிலிருந்து என் வீட்டுக்காரர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏம்புள்ள, பீரோவுல என்ற தங்க வாட்ச் இருக்குது பாரு, அதப் போட்டு உடு. கல்லு மோதரத்தையும் போட்டு உடு. கையில கழுத்துல ஒண்ணுமில்லாம போனா எந்த ஊட்டுப் பையன்னு அவிங்களுக்கு எப்புடித் தெரியும்?"

"அப்பா, அதெல்லாம் ஒண்ணுமே போடக் கூடாதுங்க."

"பின்ன என்னத்த சாமி போட்டுட்டுப் போவ?"

"சட்டை, பேன்ட், ஷூ. அவ்வளவுதானுங்க."

எதிர்முனையில் ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவே மெதுவாகக் கேட்டார். "காப்பு?"

"அதத்தானுங்க யோசிக்கறேன்."

"யோசிக்கறதுக்கு என்ன இருக்குது? கட்டுன காப்ப நடுவுல அவுத்ததா நம்மூட்டுச் சரித்திரத்துலயே இல்ல, பாத்துக்க" என்று வைத்துவிட்டார்.

"அதான் சொல்றேன், முழுக்கை சட்டையப் போட்டு பட்டன மாட்டு. அவிங்க என்ன கையப் பிடிச்சு ஜோசியமா பாக்கப் போறாங்க?" என்றேன்.

கவின் புது முழுக்கைச் சட்டையைப் போட்டுப் பட்டனை மாட்டிக்கொண்டு வாஷ்பேசினுக்குப் போனான். "இங்க வந்து பாருங்ம்மா" என்று கூப்பிட்டு, நர்ஸுகள் முறைப்படி சோப்புப் போட்டுக் கை கழுவிக் காட்டினான். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று ஒவ்வொன்றாக. முடிப்பதற்குள் கைப்பட்டி நனைந்து தொங்கியது. பட்டனைக் கழற்றிச் சுருட்டினான். காப்பிலிருந்து மஞ்சள் கரைந்து பேசினெல்லாம் ஓடியது. ஈரக் கயிறு கையில் அப்பிக்கொண்டிருந்தது.

"இந்த ஈரக் கயித்தோட ஒருத்தரு புண்ணுக்கு நான் கட்டுப் போடலாமுங்களா? நீங்க படுத்திருந்தா உடுவீங்களா?"

விடமாட்டேன். ஆனால் உடனே ஒப்புக்கொண்டால் நான் என்ன அம்மா?

"வேலைல சேந்தப்புறம் பாத்துக்கலாம். இப்ப இன்டர்வியூதானே? மறைச்சுக்கலாம்."

"மறைச்சா ரெண்டு பேரையும் ஏமாத்துறதும்மா. ஆஸ்பத்திரியையும் ஏமாத்துறேன், ஆத்தாளையும் ஏமாத்துறேன்."

"அப்ப?"

"கோயில்ல போயிக் கேக்கறேன். கூடாதுன்னுட்டா இன்டர்வியூவுக்குப் போகல. அடுத்த வருஷம் பாத்துக்கறேன்."

அடுத்த வருஷம் என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறான்! நாலு வருஷப் படிப்பு, இவன் வாயைத் திறந்தாலே வருகிற அந்த ஆஸ்பத்திரி… எல்லாம் ஒரு கயிற்றில் தொங்குகிறது. கேட்காமல் இருந்தால் யாருக்குத் தெரியப் போகிறது? இதை நான் வாய்விட்டே சொன்னேன். அவன் சிரித்துவிட்டுச் சட்டையைக் காயப் போட்டான்.

வியாழக்கிழமை சாயங்காலம் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற ஊரே கூடியிருந்தது. எங்கள் பூசாரிக்கு நாற்பது வயதுதான் இருக்கும். மற்ற நாட்களில் பஸ் ஸ்டாப்பில் பஞ்சர் ஒட்டுவார். நோம்பி வந்தால் அவர் வாக்குக்கு மறு வாக்குக் கிடையாது.

கவின் நேராக அவரிடம் போனான். "அண்ணா, இந்தக் காப்ப முழங்கைக்கு மேல மாத்திக் கட்டிக்கலாமுங்களா?"

குடத்தோடு நின்ற பெண்கள் எல்லாம் திரும்பினார்கள். "காப்பு அவுக்கறானாமா" என்று ஒரு குரல். "நர்ஸு படிச்சவன்ல, அதான்" என்று இன்னொரு குரல். என் காது சூடாகிவிட்டது. பையன் நர்சிங் சேர்ந்த நாளிலிருந்து கேட்டுக்கேட்டுப் பழகிய தொனிதான். ஆனாலும் சுடத்தானே செய்யும்?

பூசாரி தலையைச் சொறிந்தார். "காப்புன்னா மணிக்கட்டுலதாம்ப்பா கட்டுறது. அதென்ன புதுசாக் கேக்கற?"

"புதுசில்லீங்களே. போன வருஷம் சட்டி எடுக்கறப்ப உங்க கையில நெருப்புக் கொட்டிருச்சில்லீங்களா? அப்ப உங்க காப்பு எங்க இருந்துச்சு?"

பூசாரி சட்டென்று தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டார். கூட்டமும் பார்த்தது. எல்லோருக்குமே நினைவிருந்தது. போன வருஷம் பூசாரியின் சட்டி விரிசல் விட்டுக் கங்கு கையில் கொட்டியது. பேஸ்ட் தடவு, மாவு தடவு என்று ஆளுக்கொரு வைத்தியத்தோடு ஓடிவந்தபோது, மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த கவின்தான் எல்லோரையும் தள்ளிவிட்டு அந்தக் கையைக் குழாயடியில் நீட்டிப் பிடித்து நின்றான். கை வீங்குவதற்கு முன்னால் கயிற்றை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, காப்பைப் புஜத்துக்கு மாற்றவும் வைத்தான்.

"அது ஆபத்துக்குப் பண்ணுனதுப்பா. ஆபத்துக்குப் பாவமில்ல" என்றார் பூசாரி.

"எங்கிட்டப் படுத்திருக்கறவங்களும் ஆபத்துலதானுங்கண்ணா இருப்பாங்க."

குடத்துத் தண்ணீர் சிந்துகிற சத்தம்கூடக் கேட்டது. என் பிள்ளை குரலை உயர்த்தவே இல்லை. 'நர்ஸு படிச்சவன்' என்ற குரலை நான் மறுபடி தேடினேன், காணோம்.

பூசாரி ஈரத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "நானும் சொல்ல வேண்டாம், நீயும் சொல்ல வேண்டாம். ஆத்தாளையே கேட்டுருவோம். பூ வெக்கிறேன்."

பூ கேட்பது எங்கள் பக்கத்தில் சுப்ரீம் கோர்ட்டு மாதிரி. அம்மன் சிலையின் தலையில் ஈரமான அரளிப்பூவை வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம். இடப்பக்கம் விழுந்தால் இல்லை. மேல் முறையீடு கிடையாது.

பூவை வைத்தார். கற்பூரம் காட்டினார். பூ அசையவில்லை.

நான் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். ஆத்தா, அம்மை போட்டவர்களுக்கு வேப்பிலை விசிறியவள் நீ. மஞ்சத் தண்ணி தெளிக்காமல் யாரையும் வீட்டுக்குள் விடாதே என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. சுத்தம் எதற்கென்று உனக்குத் தெரியாதா? நோயாளி படுக்கைக்குப் பக்கத்தில் நிற்கிற பிள்ளையை உனக்குப் பிடிக்காமலா போகும்?

பூ அசையவே இல்லை. யாரோ இருமினார்கள். இன்னொரு கற்பூரம். கவின் கை கட்டி நின்றான். இடப்பக்கம் விழுந்தால் இவன் சொன்னபடிதான் செய்வான் என்று எனக்குத் தெரியும். அதுதான் பயமே!

விழுந்தது… வலப்பக்கம்.

குலவை போட்டார்கள். முதல் குலவை யாருடையது என்று சொல்லவும் வேண்டுமா? என்னுடையதுதான்.

பூசாரி புஜத்தில் புதுக் காப்பைக் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் மணிக்கட்டுக் காப்பை எடுத்து அம்மன் காலடியில் வைத்தார். ஒரு நொடிகூடக் கவின் காப்பில்லாமல் இல்லை. சரித்திரம் காப்பாற்றப்பட்டது என்று வீட்டுக்காரருக்குப் போன் போட்டுச் சொன்னேன். "வலப்பக்கந்தானே? நல்லாப் பாத்தியா?" என்று மூன்று தடவை கேட்டார்.

வெள்ளிக்கிழமை காலை. வெளிர் நீல அரைக்கை சட்டை. கறுப்பு பேன்ட். வெட்டிய நகம். கால் மட்டும் வெறுங்கால். ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு ஊர் எல்லை வரைக்கும் நடந்தான். எல்லைக்கல்லைத் தாண்டியதும் துடைத்து, சாக்ஸ் போட்டு, ஷூவை மாட்டினான். தாடியை ஒன்றும் செய்வதற்கில்லை. பஸ் ஏறினோம். நீங்கள் எதற்கம்மா என்று கேட்டான். சேலத்தில் ஒரு வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை, நல்ல பிள்ளை.

ஆஸ்பத்திரியின் நீள வராந்தாவில் நிறையப் பையன்கள். முக்கால்வாசிப் பேர் முழுக்கைச் சட்டை. சிலர் டை கட்டியிருந்தார்கள். ஒருவர் கோட்டே போட்டிருந்தார். வியர்த்துக் கொட்டியது அந்தப் பிள்ளைக்கு. விசிறிக்கொள்ள என் கையில் இருந்த பையைக் கொடுத்தேன்.

உள்ளே, பாதி திறந்திருந்த கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நர்சிங் சூப்பிரண்டெண்ட் அம்மா. தென்கோடிப் பக்கத்துக்காரர் என்பது பேச்சிலேயே தெரிந்தது. படித்த கதையெல்லாம் அப்புறம், முதலில் கையைக் கழுவிவிட்டு இந்தக் கட்டிலுக்கு வாருங்கள் என்று எல்லோரையும் வாஷ்பேசினுக்குத்தான் அனுப்பினார்.

பட்டன் கழற்றுகிறவர்கள், வாட்சை எங்கே வைப்பது என்று தேடுகிறவர்கள், டையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்கிறவர்கள்… அடுத்தவர் பிள்ளைகள் தடுமாறும்போது சந்தோஷப்படக் கூடாதுதான். கொஞ்சமாகப் பட்டேன்.

கவின் நேராகப் போய்க் குழாயைத் திறந்தான். விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண். கையை உயர்த்தியபோது அரைக்கை சட்டை கொஞ்சம் மேலேறி, மஞ்சள் எட்டிப் பார்த்தது.

"அது என்ன?" என்றார் அந்த அம்மா.

நான் கதவை ஒட்டி நின்றேன்.

"காப்புங்க மேடம். எங்கூர் மாரியம்மன் நோம்பி. தாடியும் அதுக்குத்தானுங்க. வர்ற வியாழக்கிழமை கம்பம் எடுத்தா ரெண்டும் போயிருமுங்க."

அவர் பக்கத்தில் வந்து பார்த்தார். "நான் இந்த ஊருக்கு வந்து ரொம்ப வருஷமாச்சு. காப்பை மணிக்கட்டுலதானே கட்டுவீங்க?"

"ஆமாங்க மேடம். கோயில்ல கேட்டு மேல மாத்திக் கட்டிக்கிட்டேன். பூ வெச்சுக் கேட்டோம். சரின்னு வந்துச்சுங்க."

"வராம இருந்திருந்தா?"

"இன்னிக்கு வந்திருக்க மாட்டேனுங்க மேடம்."

அந்த அம்மா சொன்னார். "நோம்பி சீசன்ல எத்தனையோ பேரு சட்டைக்குள்ள மறைச்சுட்டு வருவாங்க தம்பி. நான் கண்டுபிடிச்சா அழுவாங்க. கேட்டு மாத்திக்கிட்டு வந்தது நீதான்."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு முழுக்கைச் சட்டை யோசனைக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். குனிந்ததும் நல்லதாயிற்று. கண்ணில் தண்ணீர் வந்ததை யாரும் பார்க்கவில்லை. பெருமையாக இருந்தது. நான் பெற்ற பிள்ளைதானா என்று சந்தேகம் வருகிற அளவுக்குப் பெருமையாக இருந்தது.

கட்டிலில் கிடந்த பொம்மை நோயாளியைத் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார்கள். மருந்து அளவு கேட்டார்கள். அதெல்லாம் எனக்குப் புரியவில்லை. மத்தியானம் அவன் வெளியே வந்து, "கம்பம் எடுத்த மறுநாள் ஜாயின் பண்ணச் சொல்லிட்டாங்கம்மா" என்றான். அது எனக்கு நன்றாகப் புரிந்தது.

இருட்டுவதற்குள் எல்லைக்கல்லுக்கு வந்துவிட்டோம், அவன் ஷூவைக் கழற்றினான்.

சட்டி எடுக்கிற அன்று என் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். மகன் கையில் தீச்சட்டி, பக்கத்தில் வேப்பிலையோடு அப்பா. வெளியூர்ச் சொந்தம் ஒருவர் கேட்டார், "பையன் ஆஸ்பத்திரியில வேலையாமுல்ல, டாக்டருங்களா?" இந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமாக "அது மாதிரிதானுங்க" என்று மழுப்புகிறவர் என் வீட்டுக்காரர். அன்றைக்கு மேளச் சத்தத்துக்கு மேலே குரல் கொடுத்தார்.

"இல்லீங்க, நர்ஸு! ஐ.சி.யூ.வுல நர்ஸு!"

போன வாரம் ஆத்தூரிலிருந்து ஒரு வாசகி போனில் கேட்டார். அவர் மகனுக்கும் நர்சிங் இன்டர்வியூவாம். என்னம்மா போட்டு அனுப்புவது என்றார். சொன்னேன். அரைக்கைச் சட்டை, வெளிர் நிறம். சுத்தமான ஷூ. வெட்டிய நகம். முழங்கைக்குக் கீழே ஒன்றும் வேண்டாம், அது நோயாளிக்குச் சொந்தமான இடம். முழங்கைக்கு மேலே என்ன இருக்கிறது என்பது அவனுக்கும் அவன் சாமிக்கும் உள்ள விஷயம். எதையும் மறைக்காமல் போகச் சொல்லுங்கள், போதும்.

அந்த ஃபுல் ஸ்லீவ் சட்டை பீரோவில் துவைத்து மடித்தபடி இருக்கிறது. பெண் பார்க்கப் போகும்போது போட்டுக்கொள்கிறானாம். அங்கே யாரும் கை கழுவிக் காட்டச் சொல்லமாட்டார்கள் என்கிறான்.

கை கழுவிக் காட்டச் சொல்கிற பெண்ணாகக் கிடைத்தால்… பூ கேட்காமலே எனக்குச் சம்மதம்!